எட்டுத் தறிக் கச்சேரி

பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்கே ஆராய்ச்சிப் பணம் தருகிறேன் என்று அறிவித்தால், அதை நம்பி உடனே ஸ்வீட் வாங்கிவிடக் கூடாது. முதலில் விண்ணப்பம், அப்புறம் துறைத்தலைவர் கையெழுத்து, அப்புறம் குழு, அந்தக் குழுவுக்கு ஒரு துணைக்குழு. எல்லாம் முடிந்து பணம் வந்தால், ஒரு ஒயர் வாங்குவதற்கும் மூன்று கடையில் கொட்டேஷன். இதற்குள் பாதிப் பேருக்கு ஆராய்ச்சி ஆசையே வடிந்துவிடும். எஸ்தருக்கு வடியவில்லை. பார்க்கத்தான் சாது, உள்ளுக்குள் சரியான பிடிவாதக்காரி.

காஞ்சிபுரத்தைத் தாண்டி வயல் நடுவே கட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவள் இயற்பியல் உதவிப் பேராசிரியர். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அலைகளையும் அதிர்வுகளையும் சொல்லிக்கொடுத்துக்கொடுத்து, அந்தப் பாடத்தின் மேல் இருந்த பிரியமே அவளுக்குத் தேய்ந்துபோயிருந்தது. உள்நிதிக்கு இரண்டு முறை எழுதிப்போட்டாள். முதல் தடவை ‘புதுமை போதாது’ என்று திரும்பி வந்தது. சரி என்று அடுத்த தடவை புதுமையாகவே எழுதினாள். ‘நடைமுறைக்கு ஒத்துவராது’ என்று வந்தது.

மூன்றாம் தடவை அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அங்கே ‘படைப்பாக்கப் பணிகள்’ என்று ஒரு பிரிவு சீந்துவாரில்லாமல் கிடந்தது. அறிவியல்காரர்கள் அது தமக்கில்லை என்று விட்டுவிட்டார்கள். மொழித்துறைக்காரர்களோ, கேட்காமலே பணம் வைத்திருக்கிறார்கள் என்றால் இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். எஸ்தர் அந்தப் பிரிவுக்கு எழுதினாள்.

அவள் எழுதியது இதுதான். தினமும் பஸ்ஸைப் பிடிக்க அவள் ஒரு நெசவாளர் தெரு வழியாகத்தான் நடந்து போவாள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஒரு வீட்டுத் தறி மாதிரி இன்னொரு வீட்டுத் தறி அடிக்காது. ஒன்று நிதானம், ஒன்று அவசரம், ஒன்று நாலு அடி அடித்துவிட்டு நின்று மூச்சு வாங்கும். மெதுவாக நடந்தால் ஒரு பாட்டு, பஸ்ஸுக்கு ஓடினால் வேறு பாட்டு. அந்தத் தறிகளையே வாத்தியங்களாக வைத்து, எது எப்போது ஆரம்பிக்க வேண்டும், எது எப்போது ஓய வேண்டும் என்று ஒழுங்கு செய்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு கச்சேரி அமைப்பேன், கேட்பவர்கள் தெருவில் நின்று கேட்கலாம் என்று எழுதினாள். கிடைத்துவிட்டது. அந்தப் பிரிவில் வேறு விண்ணப்பமே வரவில்லை என்பதும் ஒரு காரணம். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கிடைத்ததும் கொள்முதல் பிரிவு தன் வேலையைக் காட்டியது. ‘தறி ஒலி’ என்று பட்டியலில் இருக்கிறதே, அதற்கு மூன்று நெசவாளர்களிடம் கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்குச் சத்தம் தருபவரைத் தேர்வு செய்க என்று குறிப்பு வந்தது. எஸ்தர் பொறுமையாக மூன்று பக்கம் விளக்கம் எழுதினாள். அந்த மாதிரிச் சோதனைகளை எல்லாம் கடந்துதான் அந்த வருஷம் ஓடியது. ஆனாலும் சொல்ல வேண்டும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வகுப்பு முடிந்ததும் தோளில் பையோடு தெருவுக்கு ஓடுவாள். ஒலி அளக்கும் கருவி, ஒலி பிடிக்கும் கருவி இரண்டையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக உட்காருவாள். பதிவு எல்லாம் தனக்குக் குறிப்புக்கு. கச்சேரி என்றால் நேரடியாகத்தான், உயிருள்ள தறிகளோடுதான் என்பதில் உறுதியாக இருந்தாள்.

அவளுக்குத் தெருவைத் திறந்துவிட்டவர்கள் ஆனந்தகுமாரும் அவன் மனைவி இளவரசியும். இரண்டு பேரும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்பவர்கள். அவர்கள் சொல்லித்தான் மற்ற வீடுகள் சம்மதித்தன. மொத்தம் எட்டுத் தறி சேர்ந்தது. சேராமல் போனது மூலை வீடு ஒன்றுதான். அது குமாரசாமியின் வீடு. தெருவிலேயே கனமான சத்தம் அவர் தறிக்குத்தான். எஸ்தர் வாசலில் நின்றால் போதும், உள்ளிருந்து கதவு சாத்திக்கொள்ளும். ஏன் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் காரணம் தெரிந்துவிடுமே என்ற பயம். அவளுடைய அம்மா மரியம்மாள் தென்னேரியில் கூலிக்கு நாற்று நட்ட காலத்தில் சாதி பார்த்து அவள் முகத்தில் சாத்திய கதவுகள் எத்தனையோ. இதுவும் அதில் ஒன்றாக இருந்துவிட்டால் தாங்காது என்று தோன்றியது. அதனால் எட்டே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, எட்டுக்கே கச்சேரியை அமைத்தாள்.

மாசி மாசம் முடிவுக் கூட்டம் வந்தது. குழு தெருவுக்கே வந்து கச்சேரியைக் கேட்கும். திருப்தி என்றால் இரண்டாம் வருஷமும் நிதி உண்டு. இல்லையென்றால் கோப்பு மூடப்படும், எஸ்தர் மறுபடியும் காலையும் மாலையும் அலைகளும் அதிர்வுகளும். வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்த கூட்டத்தை, சனிக்கிழமை வந்த ஒரு மின்னஞ்சல் ‘நிர்வாகக் காரணங்களால்’ திங்கட்கிழமைக்கு மாற்றியிருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கத் தெருவில் காத்திருந்த எட்டு வீட்டுக்காரர்களுக்கும் பதில் சொல்லி முடித்திருந்த எஸ்தர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு புடவைகூட மாற்றாமல் இளவரசி வீட்டுக்குப் போனாள்.

“இளவரசி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. கண்டிப்பா வர்றாங்க.”

இளவரசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “விளையாடுறீங்களா மேடம்? நாளைக்கு அமாவாசை.”

“அதனால?”

“அதனாலயா! அமாவாசைக்குத் தறியில யாரு உக்காருவா? நூல ஓட்டுற நாடாவக்கூடத் தொடமாட்டாங்க. தறியத் தொடச்சி, பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டி வுட்டுடுவோம். மாசத்துல ஒருநாள்தான் இந்தத் தெரு தூங்குது.”

ஒரு வருஷம் இந்தத் தெருவிலேயே கிடந்தும் எஸ்தருக்கு இது தெரியாமல் போனதுதான் வேடிக்கை. வீட்டில் மாட்டியிருப்பது சர்ச்சில் தந்த காலண்டர். அதில் பண்டிகை உண்டு, வேத வசனம் உண்டு, அமாவாசை கிடையாது. மாசத்துக்கு ஒருநாள் தெரு அமைதியாக இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு என்று ஒரு இயற்பியல் ஆசிரியைக்குத் தோன்றவில்லை.

அங்கேயே வாசலில் நின்று டீனுக்குப் போன் போட்டாள். டீன் பூவராகவன் கெட்ட மனிதர் இல்லை. விதியும் நாளும் நட்சத்திரமும் பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டார், அவ்வளவுதான்.

“சார், நாளைக்கு அமாவாசை சார்.”

“தெரியுமே! அதுக்காகத்தானே மேடம் மாத்தினேன். சாதாரண அமாவாசை இல்ல, சோமவார அமாவாசை. வருஷத்துல ஒண்ணோ ரெண்டோதான் வரும். உங்க ப்ராஜெக்டுக்கு நல்லது நடக்கட்டும்னுதான்.”

“அன்னைக்குத் தறி ஓடாது சார்.”

டீன் குரல் இறங்கிவிட்டது. “எக்ஸ்டர்னல் மெம்பர் சென்னையில இருந்து கிளம்பிட்டாங்க மேடம். டேட் இன்னொரு தடவை மாத்த முடியாது. மார்ச் முடியறதுக்குள்ள வேற சிட்டிங் கிடையாது. ஏதாவது பண்ணுங்க.”

எஸ்தருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் தறியில் உட்காருங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். இளவரசி முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்டால் மறுக்க முடியாமல் தவிப்பார்கள் என்று தெரிந்தது. கேட்கவில்லை.

ஆனந்தகுமார் உள்ளேயிருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். “நீங்கதான் எங்க எல்லாத் தறியையும் புடிச்சி வெச்சிருக்கீங்களே மேடம். அதைப் போடுங்க. ஆடி மாசம் நம்ம அம்மன் கோயிலுக்குத் தெரு முழுக்க பாக்ஸ் கட்டுறானே சவுண்டு சர்வீசு, அவன் சும்மாதான் உக்காந்துக்கினு இருக்கான். வூட்டுக்கு ஒரு பாக்ஸ் வெச்சிடலாம்.”

வீட்டுக்கு ஒரு பெட்டி. எந்த வீட்டுத் தறியோ அந்த வீட்டு வாசலில் அதே தறியின் சத்தம். எஸ்தரின் மூளை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. சாயங்காலம் வரைக்கும் ஒயர் இழுத்தார்கள். பதிவுகளை வரிசைப்படுத்தி, தனித்தனிப் பெட்டிக்குத் தனித்தனியாகப் போகும்படி செய்தாள். மூலை வீட்டு வாசல் வழியாக ஒயர் போக வேண்டியிருந்தது. கேட்கலாம் என்று போனாள். வழக்கம்போல் கதவு சாத்திக்கொண்டது. ஒயரைச் சுற்றுவழியாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் தெருவைப் பார்த்து எஸ்தருக்கே ஆச்சரியம். அவள் எதிர்பார்த்தது நாலு குழுக்காரர்களை. வந்திருந்தது தெரு மொத்தமும். பெண்கள் அரசமரத்தைச் சுற்றிவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்தார்கள். ஆண்கள் முழுகிவிட்டு விபூதியோடு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தறி ஓடுகிற நாளாக இருந்தால் இவர்களில் ஒருத்தர்கூட வெளியே வந்திருக்க முடியாது, எல்லோரும் உள்ளே வாசித்துக்கொண்டிருப்பார்கள். இந்தச் சின்ன விஷயம் வருஷம் முழுக்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

டீனோடு வந்திறங்கிய வெளி உறுப்பினர் நீலாம்பாள், சென்னையில் இசைக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மெலிந்த உருவம், கறாரான முகம். இளவரசி போட்ட நாற்காலியை மறுத்துவிட்டுத் தெரு நடுவில் நின்றார். “ஆரம்பிங்க” என்றார்.

முதலில் தெருக் கோடியிலிருந்து ஒற்றைத் தறி. நிதானமான அடி. நாலைந்து அடிக்குள் ஒரு கிழவர், “அட, இது எங்கூட்டுது!” என்று எழுந்தே விட்டார். பக்கத்தில் இருந்தவர் அவரை இழுத்து உட்கார வைத்தார். அடுத்தது எதிர்ச் சாரியிலிருந்து கொஞ்சம் அவசரமான தறி. அப்புறம் இன்னொன்று. ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று எடுத்துக்கொண்டது. இரண்டும் மோதின, விலகின, கொஞ்ச தூரம் சேர்ந்தே போயின.

அந்தத் தெருவில் பிறந்து தறியிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனாலும் தறியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் சத்தம்தான் காது நிறைய இருக்கும். தெருவின் சத்தத்தைத் தெருவில் உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரம் வாய்த்ததில்லை. இப்போது வாய்த்தது. “கேளு கேளு, இது நம்ம பட்டம்மா தறி, மிதிக்கட்டை கிறீச்சுன்னு கத்துது பாரு.” “எண்ணெ போடுன்னா கேட்டாத்தானே!” பட்டம்மாளுக்கு வெட்கமும் சிரிப்பும். இளவரசி தன் வீட்டுப் பெட்டி பேச ஆரம்பித்ததும் புருஷன் தொடையைத் தட்டினாள். அவளும் அவனும் சேர்ந்து அடிக்கிற அடி. நடுவில் அவன் ஏதோ சொல்ல அவள் சிரிக்கிற சத்தமும் பதிவில் இருந்தது. தெருவே ஓவென்று கத்தியது. எஸ்தர் அதை வெட்டலாமா என்று யோசித்து விட்டுவைத்திருந்தாள். இப்போது அவளுக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது.

எட்டும் சேர்ந்து உச்சிக்குப் போய், ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் மறுபடியும் அந்த ஒற்றைத் தறி மட்டும் மிஞ்சி, அதுவும் நின்றது. தெருவே கைதட்டியது. டீன் கைதட்டவில்லை. அவர் கோப்பைத் திறந்தார்.

“ரொம்ப நல்லா இருந்துது மேடம். ரிப்போர்ட்ல ‘பணி நிறைவுற்றது’ன்னு போட்டிருக்கீங்க. முதல் வருஷப் பணி முடிஞ்சிருந்தாத்தான் ரெண்டாவது வருஷம். விதி அப்படி. முடிஞ்சிருச்சில்ல?”

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்க முடிஞ்சுது?”

குமாரசாமி. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே எப்போதோ கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறார். இடுப்பில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. முகம் சிவந்திருந்தது.

“எல்லார் தறியும் வருது, எங்க தறி வரவேயில்லையே! எப்ப வரும், எப்ப வரும்னு நின்னுக்கினே இருக்கிறேன், முடிச்சிட்டாங்க. இது இன்னா நியாயம்? தெருவுல எங்கூட்டுத் தறிதானே பெருசு? அது இல்லாம இன்னா தெரு இது?”

“நீயேதானே கதவைச் சாத்திக்கினே?” என்றான் ஆனந்தகுமார் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. காலை வேளையில் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்ட இடம் யாருக்கு என்று தகராறு வந்த நாளிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது.

எஸ்தர் கேட்டே விட்டாள். அவளுக்கே அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “ஐயா, நான் எத்தனை தடவை உங்க வாசல்ல வந்து நின்னேன். ஏன் சாத்தினீங்க?”

“பின்ன? கையில மிஷினு வெச்சிக்கினு வந்தியேம்மா! பின்னாடி புதுசா கட்டினானே அபார்ட்மெண்டு, தறிச் சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு மனு குடுத்திருக்கான். நீ சத்தத்தை அளக்கறே. போதாக்குறைக்கு இவன் கூட்டிக்கினு வந்த ஆளு. எங்க தறியை நிறுத்த வந்த ஆபீசருன்னு நெனச்சிட்டேன்.”

எஸ்தருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த பாரம் ஒன்றுமே இல்லாமல் போன சந்தோஷம் அது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவள் ஏன் அழுகிறாள் என்று குமாரசாமிக்குப் பயம் வந்துவிட்டது.

டீனின் பேனா காத்திருந்தது. “மேடம், நீங்க சொல்லுங்க. முடிஞ்சிருச்சுன்னு எழுதிக்கலாமில்ல?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இரண்டாம் வருஷம் கையில். இந்தப் பெரியவர் கோபத்தை அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம். எஸ்தர் தெருவைப் பார்த்தாள். எட்டு வாசலில் எட்டுப் பெட்டி. மூலை வாசல் காலி. இப்போது பார்த்தால் அது விழுந்த பல் மாதிரி அப்பட்டமாகத் தெரிந்தது.

“இல்ல சார். முடியல” என்றாள். “முடிஞ்சதுன்னு நெனச்சுத்தான் எழுதினேன். இவர் கேட்டதுக்கப்புறம் அப்படிச் சொல்ல முடியாது.”

“அப்ப விதிப்படி...” டீன் சங்கடத்தோடு நீலாம்பாளைப் பார்த்தார்.

நீலாம்பாள் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். “எத்தனையோ கமிட்டியில உக்காந்திருக்கேன் சார். எல்லாரும் முடிச்சிட்டேன்னுதான் சொல்வாங்க. கேட்டவங்க யாரும் இது போதாதுன்னு சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்ல. எனக்குத் திருப்தி. அவ்வளவுதான் எழுதுங்க.”

“ஆனா மேடம், நிறைவுன்னு ஒரு கட்டம் இருக்கு...”

குமாரசாமிக்கு இப்போதுதான் விஷயத்தின் கனம் லேசாகப் புரிந்தது. தான் வாய் விட்டதில் அந்தப் பெண்ணுக்கு ஏதோ கெடுதல் வரப்போகிறது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டீன் முன்னால் வந்தார்.

“சார், இன்னிக்குச் சோமவார அமாவாசை. தெருவே கூடி உக்காந்து ஆரம்பிச்சிருக்குது. இப்படிப்பட்ட நாள்ல ஆரம்பிச்சதை யாராச்சும் பாதியில நிறுத்துவாங்களா? நீங்களே சொல்லுங்க, நெத்தியில திருமண் போட்டுக்கினு இருக்கீங்க.”

டீன் பூவராகவன் வானத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், கைக்கடிகாரத்தில் ராகு காலம் எப்போதோ கழிந்துவிட்டதைப் பார்த்தார். ‘நிறைவுற்றது’ என்பதைக் குறுக்கே ஒரு கோடு கிழித்து அடித்துவிட்டு, ‘நல்ல முன்னேற்றம், தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இளவரசி எட்டிப் பார்த்துவிட்டு, “தொடரலாமாம்!” என்று கத்தினாள். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. “இன்னொரு தபா போடு மேடம்!” என்று யாரோ கேட்டார்கள். போட்டாள். நாற்காலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பல்கலைக்கழக வண்டி, இரண்டாவது கச்சேரி முடிகிற வரைக்கும் நகர முடியவில்லை. நீலாம்பாள் நகரச் சொல்லவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் எஸ்தர் போனபோது மூலை வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. குமாரசாமி சலவைச் சட்டை போட்டுத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காமாட்சியம்மாள் காபியைக் கொடுத்துவிட்டு எஸ்தரைப் பக்கத்தில் பாயில் உட்கார வைத்தாள். “சட்டையெல்லாம் போட்டுக்கினு பாரும்மா. கல்யாணத்துக்குக்கூட இப்படி உக்காரல இவரு.”

“சும்மா இருடி. ஆரம்பிக்கலாமாம்மா?”

ஆரம்பித்தார். பாவம், ஒரு அடிகூடச் சரியாக விழவில்லை. வருஷம் முழுக்க எஸ்தர் வெளியிலிருந்து கேட்ட அந்தக் கனமான அடி வரவேயில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடையேறிய பிள்ளை மாதிரி அவர் விறைத்துக்கொண்டு அடித்தார், நிறுத்தினார், கருவியைப் பார்த்தார், மறுபடி அடித்தார். “வரலைல்ல?” என்றார். வேர்த்துக் கொட்டியது. எஸ்தர் கருவியை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டு, “அவசரமில்லீங்கய்யா, காபி குடிச்சிட்டுப் பாக்கலாம்” என்றாள்.

ஒரு இழை அறுந்தது. குமாரசாமி வாய்க்குள் திட்டிக்கொண்டே குனிந்து அதைத் தேடிப் பிடித்து முடிந்தார். சட்டையைக் கழற்றி எறிந்தார். விட்ட இடத்திலிருந்து நெய்ய ஆரம்பித்தார். இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இழையை நெருக்கும் பலகை விழுந்தது. தரை அதிர்ந்தது, பாய் அதிர்ந்தது, எஸ்தர் கையில் இருந்த டம்ளரில் காபி வட்டம் வட்டமாக அதிர்ந்தது. அலைகளும் அதிர்வுகளும். பிள்ளைகளுக்கு அவள் எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்து காட்டிய அதே வட்டங்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு, உடம்பு முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் குறைந்ததும் குமாரசாமி நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தார். முகம் மலர்ந்திருந்தது. “இப்ப வந்துது பாத்தியா? எடுத்துட்டியா?”

எஸ்தர் மடியைப் பார்த்தாள். கருவி நிறுத்தின நிலையிலேயே இருந்தது.

“இல்லீங்கய்யா. கேட்டுக்கினே இருந்துட்டேன்.”

காமாட்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குமாரசாமி ஒரு கணம் திகைத்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாடாவைப் பலகை மேல் வைத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறினார்.

“அதுக்கின்னா. நாளைக்கு வா.”

“வரேங்கய்யா” என்றாள் எஸ்தர். ஒரு வருஷம் முழுசாகக் கையில் இருந்தது.